சிப்காட் ஓரத்தில் ஒரு காற்றுமானி: எதற்கு வாங்கலாம், எதற்கு நம்பக்கூடாது

கடலூர் சிப்காட்டை ஒட்டிய எங்கள் பகுதியில், நெடுநாளாக மூடிக் கிடந்த ஓர் ஆலை வளாகத்தில் புதைந்திருந்த கழிவுமண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தும் வேலை தொடங்கியபோது, குடியிருப்போர் நலச் சங்கத்தின் பணத்தில் காற்றின் தரத்தை அளக்கும் சிறிய மின்னணுப் பெட்டி ஒன்றை வாங்கினோம். சில வாரங்கள் கழித்து அதே வகையில் இரண்டாவது பெட்டியும் வந்தது. வெயில், மழை, மார்கழிப் பனி மூன்றையும் இரண்டு பெட்டிகளும் பார்த்துவிட்டன. இதே போன்ற வேலை நடக்கும் வேறு ஊர்க்காரர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரே வகையான சீன உணரியைக் கூட்டுக்குள் வைத்து, வெளியே வெவ்வேறு பெயரை ஒட்டிப் பலரும் விற்பதால், பெயரைச் சொல்லி ஒருவரைப் புகழ்வதிலோ பழிப்பதிலோ பயனில்லை. கீழே எழுதியிருப்பது இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெட்டி ஒரு டிபன் டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு மின்விசிறி காற்றை இழுக்கிறது. இழுத்த காற்றின் குறுக்கே ஒரு லேசர் கதிர் பாய்கிறது. துகள்கள் கதிரைக் கடக்கும்போது சிதறும் ஒளியை ஓர் உணரி வாங்கிக்கொள்கிறது. அந்த ஒளியை வைத்துத்தான் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி இருக்கிறது என்று பெட்டி கணக்குப் போடுகிறது. ஆகவே இது தூசியை எடை போடுவதில்லை. ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய முறை நிலையங்களில் வடிதாளைத் தராசில் வைத்து எடுக்கும் அளவுக்கும், இந்தப் பெட்டியின் திரையில் தெரியும் எண்ணுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். பெட்டியோடு வரும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புகையைப் பிடிப்பதில் இந்தப் பெட்டிக்கு இணையில்லை. போகி அன்று விடியற்காலையில் தெருமுனையில் பாயையும் பழந்துணியையும் கொளுத்தத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எண் மடமடவென ஏறியது; புகை கலைந்ததும் அதே வேகத்தில் இறங்கியது. வளாகத்துக்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடும் நேரமும், சுவரோரம் யாரோ குப்பைக்குத் தீ வைத்த இரவும் வரைபடத்தில் தனித்தனியே தெரிகின்றன. புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, 2.5 மைக்ரானுக்குக் குறைந்த (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிஎம் 2.5 எனப்படும் அத்தகைய துகள்களைத்தான் லேசர் முறை நன்றாகப் பார்க்கும். இரண்டு பெட்டிகளையும் பிரித்து மாட்டுவதற்கு முன் ஒரே மாடியில் அருகருகே சில நாட்கள் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒன்று எப்போதும் சற்றுக் கூடுதலாகக் காட்டியதே தவிர, ஏற்றமும் இறக்கமும் ஒன்றாகவே இருந்தன. வாங்குவோர் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு இரு இடங்களுக்கிடையே தெரியும் வேறுபாடு காற்றினுடையதா பெட்டியினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது ஈரப்பதம். கடலுக்கும் உப்பனாற்றுக்கும் அருகில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய குறையன்று. காற்றில் ஈரம் மிகும்போது உப்பும் கந்தகமும் கலந்த நுண்துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகின்றன. ஊதிய துகள் அதிக ஒளியைச் சிதறடிப்பதால், பெட்டி அதை அதிகத் தூசி என்று எடுத்துக்கொள்கிறது. மார்கழி அதிகாலையில், வளாகத்தில் ஒரு வண்டிகூட அசையாத நேரத்தில், பெட்டி சிவப்பு காட்டியதற்கு இதுவே காரணம். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை, அங்கே பரவலாக உள்ள பர்ப்பிள்ஏர் கருவிகளை அரசு நிலையங்களோடு ஒப்பிட்டு ஒரு திருத்தக் கணக்கை வகுத்திருக்கிறது: கருவி காட்டும் எண்ணை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டை 0.0862 ஆல் பெருக்கி அதிலிருந்து கழித்து, 5.75 கூட்ட வேண்டும். அந்தக் கணக்கின்படி, ஈரப்பதம் 85 விழுக்காடாக இருக்கும்போது கருவி 80 காட்டினால், உண்மையில் இருப்பது ஏறத்தாழ 40 தான். அது அந்நாட்டுத் தூசிக்கும் அந்தக் கருவிக்கும் உரிய திருத்தம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் திரையில் தெரியும் எண் எந்த அளவுக்கு விலகக்கூடும் என்பதற்கு அது ஓர் உரைகல். ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்காமல், அதிகாலை எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்புவது எங்கள் வாதத்துக்கு நாங்களே குழி தோண்டுவதற்குச் சமம். எதிர்த்தரப்புப் பொறியாளர் ஒரே கேள்வியில் அதைச் சாய்த்துவிடுவார்.

பெட்டிக்குப் பெட்டி உள்ள வேறுபாடும் ஈரப்பதமும் எப்படியாவது சமாளிக்கக் கூடியவை. துப்புரவு வேலை நடக்கும் இடத்துக்கு இந்தப் பெட்டியின் பெருங்குறை வேறொன்று, அது பிஎம் 10 என்று, அதாவது 10 மைக்ரான் வரையிலான துகள்களுக்கென்று, காட்டும் எண். மண்ணைத் தோண்டி, அள்ளி, லாரியில் கொட்டும்போது எழும் தூசி பெரும்பாலும் பருமனான தூசி. ஒரு நாள் பிற்பகல், தண்ணீர் லாரி வராத நேரத்தில், பொக்லைன் காய்ந்த மண்ணைத் தூக்கி டிப்பரில் கவிழ்த்தது. மதில் உயரத்துக்குமேல் சாம்பல் நிறத்தில் ஒரு புழுதி எழும்பி, எங்கள் பக்கத்து வேப்பமரத்தையும் கொடியில் காய்ந்த துணிகளையும் தொட்டுவிட்டுத் தரையில் படிந்தது. பெட்டி அந்த மரத்திலிருந்து சில அடிகளில், மாடிச் சுவரில்தான் இருக்கிறது. பெட்டியின் மூடிமேல் விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி படிந்திருந்தது. திரையில் இருந்த பிஎம் 10 எண்ணோ கிட்டத்தட்ட அசையவேயில்லை.

பெட்டி பழுதாகவில்லை, அதன் இயல்பே அப்படி. மலிவான லேசர் உணரிகளின் சிறிய விசிறி, கனத்த துகள்களை வளைந்து நெளிந்த குழாய்க்குள் இழுத்துச் செல்லப் போதாது. தப்பித்தவறி உள்ளே போகும் சிலவற்றையும் கதிர் சரியாகக் கணக்கிடுவதில்லை. நுண்துகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பெருந்துகளும் இவ்வளவு இருக்கும் என்று பெட்டி ஊகித்துச் சொல்கிறது. புகை மிகுந்த நகரத் தெருவில் அந்த ஊகம் ஓரளவு ஒத்துப்போகலாம். மண் தோண்டும் இடத்தில் ஒத்துப்போகாது. ஆகவே இந்தப் பெட்டி "தூசி இல்லை" என்று சொல்வதை எவரும் சான்றாகக் காட்ட விடக்கூடாது. எங்கள் ஊரில் அப்படிக் காட்டத்தான் பார்த்தார்கள். வேலையை மேற்பார்வையிட வந்த ஒருவர் எங்கள் பெட்டியையே சுட்டி, "உங்க மெஷினே பச்சைதானே காட்டுது" என்றார். பருமனான தூசிக்கு, கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக வாசலின் தடவி மதில் ஓரம் வைத்து, நாளும் நேரமும் எழுதிப் படம் எடுப்பது இந்தப் பெட்டியின் பிஎம் 10 எண்ணைவிட நேர்மையான சான்று. அதற்கு ஆகும் செலவு சில்லறைக் காசுதான்.

எந்த எண்ணை எவ்வளவு நேரத்துக்குப் பார்ப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். நம் நாட்டின் 2009 ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத்தர அளவுகோல், பிஎம் 10 துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராம் என்றும், பிஎம் 2.5 துகளுக்கு 60 மைக்ரோகிராம் என்றும் வரம்பு வைக்கிறது. ஊரின் பொதுவான காற்றுக்கு அது சரி. ஆனால் கழிவுமண் வேலையில் ஆபத்து 24 மணி நேரமும் ஒரே அளவில் வருவதில்லை. லாரி நிரம்பும் கால்மணி, அரைமணி நேரத்தில் மொத்தமாக வந்துவிட்டுப் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 20 நிமிடம் மட்டும் தூசி 2,000 மைக்ரோகிராமாக இருந்து, மீதி நேரம் முழுவதும் 50 ஆக இருந்தால், அந்த நாளின் சராசரி 77 தான் வரும். வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்த 20 நிமிடமும் பள்ளி விடும் நேரமாக இருந்தால் சராசரிக்கு அது தெரியாது.

இதனால்தான் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், மாசுபட்ட இடங்களைத் துப்புரவு செய்யும்போது பின்பற்ற வேண்டிய சமுதாயக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் 15 நிமிடச் சராசரியை வைத்திருக்கிறது. வளாகத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒரு கருவி, காற்று வெளியேறும் பக்கத்தில் ஒரு கருவி. வெளியேறும் பக்கத்தில் பிஎம் 10, வரும் பக்கத்தைவிட 100 மைக்ரோகிராம் கூடினால் தண்ணீர் தெளித்தல் முதலான தூசி அடக்கும் வேலைகளைச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் 150 மைக்ரோகிராமுக்கு மேல் கூடுதலாக இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். எண் ஏறாவிட்டாலும், தூசி வளாகத்தை விட்டு வெளியேறுவது கண்ணுக்குத் தெரிந்தாலே தூசி அடக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. எனக்கு அந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த வரி அதுதான். கருவிக்குக் கண்ணை அடகு வைக்காத விதி. நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று தனி விதிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வேலி ஓரக் காற்றை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது, எந்த எண்ணில் பொக்லைனை நிறுத்துவது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்வது ஊர்க்காரர்களின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அந்தத் திட்டத்திலிருந்து வாங்குவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, ஒற்றைப் பெட்டி வாங்கிப் பயனில்லை என்பது. எங்கள் பக்கம் சிதம்பரம் சாலையில் நாள் முழுவதும் கனரக வண்டிகள் ஓடுகின்றன, சுற்றிலும் இயங்கும் ஆலைகள் இருக்கின்றன, விறகடுப்பும் உண்டு. ஒரே ஒரு பெட்டி 140 காட்டினால் அதில் எவ்வளவு துப்புரவு வேலையால் வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டு பெட்டிகள் இருந்தால், காற்றுப் போகும் பக்கத்து எண்ணிலிருந்து காற்று வரும் பக்கத்து எண்ணைக் கழித்து, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அதற்குக் காற்றின் திசை தெரிய வேண்டும். பெட்டி திசை காட்டாது. மூங்கில் கழியில் ஒரு ரிப்பனைக் கட்டி மாடியில் நட்டிருக்கிறோம். மேல்காற்றுக் காலத்தில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் திரும்பிவிடுகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றின் ஆட்சி. ஆகவே எந்தப் பெட்டி எந்தப் பக்கம் என்பது ஒரே நாளிலும் மாறும். செயலியில் வரும் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், காற்றுத் திசை, வளாகத்தில் என்ன வேலை நடக்கிறது, தண்ணீர் தெளித்தார்களா, லாரிக்குத் தார்ப்பாய் கட்டினார்களா என்று எழுதிவைப்பதுதான் பெட்டியின் எண்ணுக்கு உயிர் கொடுக்கிறது. மதில் தெரியும் வீட்டுப் பெண்கள் இருவர் இதை முறைவைத்துச் செய்கிறார்கள். கருவிக்குக் கொடுத்த பணத்தைவிட அவர்களுடைய நேரம்தான் இந்த முயற்சியில் பெரிய முதலீடு.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். எங்கள் இரண்டாவது பெட்டி சற்று விலை கூடிய வகை; அதில் "விஓசி" என்று, ஆவியாகும் கரிம வேதிப்பொருட்களுக்கும் ஓர் எண் வரும் என்று சொல்லி விற்றார்கள். மண்ணைக் கிளறிய ஒரு மாலை, தெரு முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு வீச்சம். எதிர்வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு வந்து, "என்னா சார், கண்ணு எரியுது, கொடலப் பொரட்டுது, உங்க பொட்டி பச்சையாவே கெடக்குதே" என்றார். அவர் கேட்டது நியாயம். பச்சையாகத்தான் கிடந்தது.

காரணம் அந்த எண்ணின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. இந்த மலிவு வாயு உணரிகள் எந்த வாயு, எவ்வளவு என்று அளப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு குறியீட்டைத் தருகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு குறியீட்டில் 100 என்பது சுத்தமான காற்று அன்று, கடந்த 24 மணி நேரத்தின் சராசரிக் காற்று. வீட்டுக்குள் திடீரென்று பெயின்ட் வாடையோ தாளிப்புப் புகையோ எழுந்தால் ஏறிக் காட்டுவதற்காக வடிவமைத்தது அது. நாள் முழுவதும் நாற்றம் தங்கியிருக்கும் தெருவில் அந்த நாற்றத்தையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். எங்களுக்கு அது மேலேறிக் காட்டியதெல்லாம் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தபோதும், சாம்பிராணி போட்டபோதும்தான். விஓசி வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதை இந்த விமர்சனத்தின் மிக உறுதியான பரிந்துரையாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கடைகளில் கிடைக்கும் கையடக்க வாயு அளவியை வாங்கலாமா என்று சங்கத்தில் கேள்வி வந்தது. அவை தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கானவை, தெருவில் வாழ்வோருக்கானவை அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு அளவி பொதுவாக 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வந்தால்தான் முதல் எச்சரிக்கை ஒலி எழுப்பும். மனித மூக்கோ அதே வாயுவைச் சில பிபிபி (நூறு கோடியில் சில பங்கு) அளவிலேயே, அதாவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே உணர்ந்துவிடும். ஒளியால் அயனியாக்கிப் பார்க்கும் விலையுயர்ந்த பிஐடி கருவி இன்னும் நுட்பமானது. பென்சீன், டொலுவின் போன்றவற்றை உணரும். நியூயார்க் திட்டத்திலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: காற்று வரும் பக்கத்தைவிட 5 பிபிஎம் கூடினால் வேலை தற்காலிகமாக நிற்க வேண்டும், 25 பிபிஎம்மைத் தாண்டினால் முழுவதுமாக நிறுத்த வேண்டும். ஆனால் அதற்கும் எந்த வாயு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பென்சீனுக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 1.6 பிபிபி. திரையில் 0.1 பிபிஎம் என்பதே கடைசி இலக்கமாக உள்ள கருவிக்கு, அந்த வரம்பைப்போல அறுபது மடங்கு வரும்வரை 0.0 தான்.

இந்த இடத்தில் கடலூருக்கென்று ஒரு வரலாறு உண்டு என்பதை, புதிதாகக் கருவி வாங்க வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்காட் பகுதி மக்கள் 2004 ஆம் ஆண்டிலேயே வாளியைக் கொண்டு காற்றைப் பிடித்தவர்கள். கலிபோர்னியாவில் 1990களில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்காக உருவான முறை அது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வேதிப்பொருள் ஒட்டாத டெட்லார் பை ஒன்றைப் பொருத்தி, வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பினால் உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் தானே நிரம்பும். சில நிமிட வேலைதான். பையை ஆய்வகத்துக்கு அனுப்பி, வாயுக்களைப் பிரித்துப் பார்க்கச் செய்ய வேண்டும். சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஊர்மக்கள் அப்படி எடுத்த மாதிரிகளில் 22 வேதிப்பொருட்கள் இருந்தன. அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. எந்த நேரத்தில், எந்த ஆலையோரம், எந்த வகை நாற்றம் என்று அவர்கள் குறித்துவைத்த குறிப்பேடுகள்தான் எப்போது வாளியைத் திறப்பது என்பதைத் தீர்மானித்தன. பின்னர் 2009 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளின் மாசுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூர் 77.45 பெற்று, கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது.

வாளி முறைக்கும் குறை உண்டு. பை ஒரு சில நிமிடக் காற்றைத்தான் பிடிக்கும். 72 மணி நேரத்துக்குள், கந்தகச் சேர்மங்கள் என்றால் 24 மணி நேரத்துக்குள், ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு பைக்கும் பணம் ஆகும். ஆனாலும் நாற்றத்துக்குப் பெயர் சொல்லும் வேலையில் அந்த வாளிக்குப் பக்கத்தில்கூட எங்கள் மின்னணுப் பெட்டி வராது. விஓசி வகைக்குக் கொடுத்த கூடுதல் தொகையை ஒரு நல்ல ஆய்வகத்தின் ஒரு பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

தூசிக்கும் இதே நிலைதான். லேசருக்குப் புழுதியும் ஒன்று, பாதரசம் ஏறிய மண்ணும் ஒன்று. கொடைக்கானலில் 2001 இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணில் இருந்தது பாதரசம். ராணிப்பேட்டையில் குவிந்து கிடப்பது குரோமியக் கழிவு. அத்தகைய இடங்களில் குறைந்த தூசியும் பெருந்தீங்கு செய்யலாம். பாதரச ஆவிக்குத் தனிக் கருவி வேண்டும். தோண்டப்படும் மண்ணில் என்ன இருக்கிறது என்ற ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்காமல் காற்றுமானி மாட்டுவது பாதி வேலை.

செயலியைப் பற்றிச் சிறிது. தரவிறக்கம் செய்ய முடிகிறது, வரைபடம் தெளிவாக இருக்கிறது, தமிழ் இல்லை. ஆனால் அது போடும் நிறங்கள் பெருங்குழப்பம். எங்கள் செயலி அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றுகிறது. பிஎம் 2.5 துகள் 58 மைக்ரோகிராமாக இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 97, "திருப்தி" என்ற பிரிவு. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 153, "நலக்கேடு". மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் கடலூர் செம்மண்டலம் நிலையத்தையோ புதுச்சேரி ஜவகர் நகர் நிலையத்தையோ பார்த்துவிட்டு, எங்கள் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டு, "அரசு பொய் சொல்கிறது" என்று கொதித்தவர்கள் உண்டு. இரண்டு அளவுகோல்கள் வேறு. குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு, மைக்ரோகிராம் எண்ணை மட்டும் பார்க்குமாறு அமைப்பை மாற்றிக்கொள்வது நல்லது. செம்மண்டலம் நிலையத்தின் தரவு எங்களுக்கு வேறு வகையில் பயன்படுகிறது: ஊர் முழுவதும் புகைமூட்டமான நாள் எது, எங்கள் தெருவில் மட்டும் தூசி ஏறிய நாள் எது என்று பிரித்தறிய அது துணை செய்கிறது. சிப்காட்டின் வேலியோரக் காற்றுக்கு அது சாட்சி ஆகாது.

பராமரிப்பை விற்பவர்கள் சொல்வதில்லை. உப்புக்காற்றில் திருகாணிகள் முதலில் துருப்பிடித்தன. காற்று நுழையும் துளையில் சிலந்தி வலை பின்னியதால் ஒரு பெட்டி நாள்கணக்கில் நேர்க்கோடு வரைந்துகொண்டிருந்தது. மின்தடை வந்தால் பெட்டி அணைந்து, வைஃபை திரும்பியும் தானாக இணையாமல் நின்றுவிடும். சிறிய மின்சேமிப்பான் ஒன்று அவசியம். சமையலறைப் புகைபோக்கிக்கும் டீக்கடை அடுப்புக்கும் தள்ளி, நேர் வெயில் படாத சன்ஷேடுக்கு அடியில், ஆள் மூச்சு விடும் உயரத்துக்கு அண்மையில் மாட்டுவது நல்லது. எங்களுக்கு மாடிச் சுவர்தான் வாய்த்தது. விற்றவரின் சேவை எண் வெளியூரில் இருக்கிறது. உணரியை மாற்ற வேண்டும் என்று கேட்டபோது, பெட்டியையே புதிதாக வாங்கச் சொன்னார்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் பெட்டிகளை நாங்கள் கழற்றவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி இருப்பது தெரிந்த பிறகு தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறது. வேலை எடுத்தவர் தன் சொந்தக் கருவியின் 15 நிமிட எண்களை எங்களிடம் காட்டாமல் மாதச் சராசரியை மட்டும் கொடுத்தபோது, எங்கள் வரைபடத்தில் ஏறியிருந்த நேரங்களையும் நோட்டில் எழுதிய காற்றுத் திசையையும் சேர்த்து, இந்த இந்த நேரத்துக்கு உரிய மூல எண்கள் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட முடிந்தது. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும். நாளும் மணியும் குறித்துக் கேட்டால் அப்படித் தட்டிக் கழிப்பது கடினம். நம்பகமான கருவி வேலை எடுத்தவரிடம்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எப்போது அதைத் திறந்து காட்டச் சொல்வது என்பதை எங்கள் பெட்டி சொல்கிறது. அந்த அளவுக்கு அது கொடுத்த காசுக்கு உழைக்கிறது.

ஆகவே வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள், பிஎம் 2.5, ஈரப்பதம், வெப்பநிலை மட்டும் காட்டும் சாதாரண வகை போதும். தரவை முழுவதுமாகத் தரவிறக்கம் செய்ய விடாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். லேசர் உணரிக்கு ஆயுள் உண்டு. பரவலாக விற்கும் ஒரு வகைக்கு உற்பத்தியாளரே 8,000 மணி நேரம் என்றுதான் குறிக்கிறார். இடைவிடாமல் ஓடினால் ஓராண்டுகூட நிறைவடையாது. உணரியைத் தனியாகக் கழற்றி மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு, அந்த மாற்று உணரிக்கான பணத்தையும் சங்கக் கணக்கில் அப்போதே ஒதுக்கிவையுங்கள். துப்புரவு வேலை ஓராண்டில் முடிந்துவிடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் ஒதுக்கிவையுங்கள்.